தொடையில் கையால் அழுத்தி இரத்தத்தை நிறுத்தியது மட்டமான வைத்தியமா?

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டிருப்பது இதுதான். நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகும் அவருடைய அப்பாவுக்கு வயது 58. மதுரையில் முதலில் வலது மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கையில் கட்டி, அன்று மாலையே நடக்க விட்டார்கள். சில வாரம் கழித்து ஸ்டென்ட் வைத்தபோது தொடை வழியாகப் போனார்கள். பல மணி நேரம் குழாயை உள்ளேயே விட்டுவைத்து, பிறகு ஒருவர் வந்து அதை உருவி, இருபது நிமிடம் கையாலேயே அழுத்திப் பிடித்து, மேலே மணல் மூட்டையை வைத்து, விடியும் வரை காலை மடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரர் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டி, துளையை அடைக்கும் ‘பிளக்’ என்ற கருவியை வைத்துக்கொண்டதால் சில மணி நேரத்தில் எழுந்து நடந்தார். காப்பீட்டுத் திட்டத்தில் போனதால் அப்பாவுக்கு மட்டமான வைத்தியம் கிடைத்ததா, தொடையில் பரவியிருக்கும் நீலமும் உள்ளே தட்டுப்படும் கட்டியும் அதனால் வந்தவையா, எப்போது கடலுக்கு அனுப்பலாம் என்கிறார். கருவியைப் பற்றிக் கேட்பது போல் இருந்தாலும், பணம் இல்லாததால் அப்பாவை ஆபத்தில் விட்டுவிட்டோமோ என்பதுதான் அவருடைய மனத்தை அரிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் மதுரையில், ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட் வேலையும் நடக்கும் கேத் லேபிலும் அதையொட்டிய இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள். சொந்த ஊர் தேவிபட்டினம். மருத்துவர் ஸ்டென்ட் வைத்து முடித்துவிட்டுப் போன பிறகு, குழாயை உருவி இரத்தத்தை நிறுத்தும் வேலை பெரும்பாலும் எங்களிடம்தான் விடப்படும். அந்தப் பழக்கத்திலிருந்தும், இதுபற்றி வெளிவந்த பெரிய ஆய்வுகளைப் படித்ததிலிருந்தும் சொல்கிறேன்: உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது மட்டமான வைத்தியம் அல்ல. தொடை வழிச் சிகிச்சைகளில் கையால் அழுத்துவதுதான் மூல முறை. புதிதாக வரும் அடைப்புக் கருவிகளை இன்றும் அதோடு ஒப்பிட்டுத்தான் சோதிக்கிறார்கள். பிளக் வைத்துக்கொண்டவர் தம் பணத்துக்கு முக்கியமாகப் பெற்றது நேரமும், அசையாமல் கிடக்கும் வேதனையிலிருந்து விடுதலையும்தான். இரத்தக்கசிவு குறையும் என்பதற்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. ஆனால் அந்தக் கட்டி என்ன என்பதை நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானோ வேறு யாருமோ சொல்லிவிட முடியாது. அதற்குத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தத் துளை எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். 1953-இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் என்ற கதிரியக்க மருத்துவர், தமனியை அறுத்துத் திறக்காமல், ஊசியால் குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேல் குழாயை ஏற்றும் முறையை வெளியிட்டார். தொடையானாலும் மணிக்கட்டானாலும் இன்றுவரை அடிப்படை அதேதான். அப்படி உள்ளே போய் நிற்கும் குட்டைக் குழாயை ஷீத் என்போம். பெரும்பாலான ஸ்டென்ட் வேலைக்கு 6 பிரெஞ்ச் அளவுள்ள ஷீத் போதும். 3 பிரெஞ்ச் 1 மில்லிமீட்டர் என்பதால் அதன் உள்விட்டம் 2 மில்லிமீட்டர், வெளிவிட்டம் இரண்டரைக்கும் சற்று மேல். ஷீத்தை உருவும் நொடியில், இதயத்தின் அழுத்தம் நேராக வந்து மோதும் ஒரு பெரிய தமனியில் அரிசி மணி அகலத்துக்கு ஓர் ஓட்டை திறந்து கிடக்கிறது. நோயாளிக்கோ ஹெபாரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எல்லாம் கொடுத்து இரத்தம் எளிதில் உறையாதபடி செய்து வைத்திருக்கிறோம். ஸ்டென்டுக்குள் உறையக் கூடாது, தொடையில் உறைய வேண்டும். ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் இரண்டும் நடக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் சிக்கல்.

ஷீத் எடுக்கும்போது உங்களைத் திரைக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள் என்பதால், உள்ளே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தோலில் தெரியும் துளைக்கு நேர் கீழே தமனியின் துளை இருப்பதில்லை. ஊசி சாய்வாக இறங்குவதால், தமனியின் துளை ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் மேலே, வயிற்றுப் பக்கமாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் இரத்தம் வரும் வாயிலேயே விரலை வைப்பார்கள். வெளியே நின்றுவிட்டது போல் தோன்றும், உள்ளே தசைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மூன்று விரல்களைத் தோல் துளைக்கு மேலே நாடி ஓடும் கோட்டின் மீது வரிசையாகப் பதித்து, துடிப்பு விரலடியில் தெளிவாகக் கிடைத்த பிறகே மறு கையால் ஷீத்தை உருவ வேண்டும். உருவும்போது ஒரு பீச்சு இரத்தத்தை வெளியே விடுவது உண்டு. குழாயின் நுனியில் ஏதாவது உறைந்து ஒட்டியிருந்தால் அது காலுக்குள் போகாமல் வெளியே வந்துவிடும். அதன் பிறகு முதல் சில நிமிடங்கள் அழுத்தம் நன்றாக இருக்க வேண்டும், பிறகு படிப்படியாகத் தளர வேண்டும். மறு கை பாதத்தின் மேற்புறத்து நாடியில் இருக்கும். அந்த நாடி அறவே மறையும்படி நெடுநேரம் அழுத்தினால் காலுக்கு இரத்தம் போகாது, தமனியே அடைத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே தோல் துளையில் கசிவு இல்லை, பாதத்தில் நாடி மெலிதாகக் கிடைக்கிறது என்ற நிலையைப் பிடித்து அதிலேயே நிற்க வேண்டும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம். இடையில் நின்றுவிட்டதா என்று விரலைத் தூக்கிப் பார்ப்பதுதான் செய்யவே கூடாத காரியம். அப்போதுதான் ஒட்டத் தொடங்கிய தட்டணுக்கள் பெயர்ந்து, கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும். கட்டில் உயரமாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் அழுத்துபவரின் தோள் நடுங்கிவிடும் என்பதால், கட்டிலைத் தாழ்த்தி, முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தையே கையில் இறக்குவோம். இருபது நிமிடம் ஒரே ஆள் நகராமல் நின்று அழுத்தினார் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வேலை தெரிந்தவர்தான் செய்திருக்கிறார்.

அழுத்தம் பலிக்க வேண்டுமானால் விரலுக்கு அடியில் எலும்பு இருக்க வேண்டும். கவட்டுக்குச் சற்றுக் கீழே, தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு நேர் மேலே தமனி ஓடும் சில சென்டிமீட்டர் இடம்தான் அதற்கு ஏற்றது. அதற்கு மேலே குத்தப்பட்டுவிட்டால், கசியும் இரத்தம் வயிற்றின் பின்புறத்தில் போய்த் தேங்கும். தோலில் ஒரு சொட்டும் தெரியாது, நீலமும் பாயாது, நோயாளி இடுப்பு வலிக்கிறது, விலா வலிக்கிறது என்பார், சற்று நேரத்தில் இரத்த அழுத்தம் இறங்கும். இரவுப் பணியில் எங்களை அதிகம் பயமுறுத்தியது இதுதான். ஷீத் எடுத்தவர் முதுகு வலிக்கிறது என்றால், படுத்தே கிடப்பதால் வலிக்கிறது என்று சமாதானம் சொல்லும் முன் நாடியையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வோம். தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே குத்தினால் வேறு வகைத் தொல்லை: அடியில் எலும்பு இல்லாததால் அழுத்தம் பிடிக்காது, தமனிக்கு வெளியே இரத்தம் பை போலத் தேங்கிவிடும், அல்லது பக்கத்துச் சிரையோடு தமனி இணைந்துவிடும். ஆகவே பின்னால் என்ன முறையில் நிறுத்தினாலும், பாதி விதி ஊசி குத்தும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினால் முதல் குத்திலேயே தமனி கிடைப்பது கூடுகிறது, தவறிச் சிரையில் குத்துவது குறைகிறது என்பது உறுதி. அதனால் பெரிய இரத்தக்கசிவும் குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை.

ஸ்டென்ட் வைத்ததும் ஷீத்தை எடுக்காமல் ஏன் காக்க வைத்தார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். அது அலட்சியம் அல்ல. ஸ்டென்ட் வேலையின்போது கொடுக்கும் ஹெபாரின் பாதியாகக் குறையவே ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் ஏசிடி பரிசோதனையில் அளவு 150 முதல் 180 விநாடிக்குக் கீழே இறங்கிய பிறகு எடுப்பதுதான் வழக்கம். வெறும் ஆஞ்சியோகிராம் என்றால் அவ்வளவு ஹெபாரின் தேவைப்படாததால் உடனே எடுத்துவிடலாம். எடுக்கும்போது சிலருக்கு முகம் வெளிறி, வியர்த்து, நாடி சட்டென்று குறைந்துவிடும். வலியும் பயமும் நரம்பு வழியாக இதயத்தை மந்தப்படுத்துவதால் வருவது அது. நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசியும் சலைனும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம். பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் கால் நீட்டிய படுக்கை, தலைப்பக்கம் சற்று மட்டும் உயர்த்தலாம். விடியும் வரை என்பது அளவுக்குச் சற்று மிஞ்சிய எச்சரிக்கை, ஆனால் மாலையில் ஷீத் எடுத்தால் நடுராத்திரியில் எழுப்பி நடக்கச் சொல்ல எந்த வார்டும் துணியாது.

மணல் மூட்டையைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. நம் பக்கத்தில் அது சடங்கைப் போல நிலைத்துவிட்டது. சோதித்துப் பார்த்த ஆய்வுகள் எதிலும் அதனால் இரத்தக்கட்டோ கசிவோ குறைந்ததாகத் தெரியவில்லை. தமனியை அழுத்தும் அளவுக்கு அந்த மூட்டை ஓர் இடத்தில் பாரத்தைக் குவிப்பதும் இல்லை, இடுப்பு வலியைத்தான் கூட்டுகிறது. காலை மடக்காதே என்று நினைவூட்டுவதற்கு வேண்டுமானால் உதவும். கெடுதல் எங்கே என்றால், மூட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் போர்வையை விலக்கிப் பார்க்காமல் விடுவதில்தான். இறுக்கி ஒட்டும் பெரிய பிளாஸ்திரிக் கட்டும் அப்படியே. தோலை உரிக்கும், அடியில் வீங்குவதை மறைக்கும். கண்ணாடி போன்ற மெல்லிய ஒட்டு ஒன்றை ஒட்டி, குறித்த நேரத்துக்கு ஒரு முறை கையால் தடவிப் பார்ப்பதே மேல்.

இனி அந்தப் பிளக். அதில் பல வகை உண்டு. ஆஞ்சியோ சீல் என்பதில், தமனியின் உட்சுவரில் ஒரு சிறிய தகடு நங்கூரமாக நிற்க, வெளிப்பக்கத்தில் மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் பஞ்சு துளையின் மேல் அமுங்கி உட்காரும். இரண்டையும் ஒரு நூல் இறுக்கிப் பிடிக்கும், சுமார் 90 நாளுக்குள் எல்லாம் கரைந்துவிடும். அதற்குள் மறுபடி தொடை வழியாகப் போக நேர்ந்தால் அதே இடத்தில் குத்தக் கூடாது என்பதால், அதை வைத்தவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். பெர்குளோஸ் என்பது தோலுக்கு வெளியே இருந்தபடியே தமனியில் தையல் போடும் கருவி. ஸ்டார்குளோஸ் ஒரு சிறு உலோகக் கிளிப்பை மாட்டும். மார்பைத் திறக்காமல் வால்வு மாற்றும் சிகிச்சைகளில் 14 பிரெஞ்சும் அதற்கு மேலும் உள்ள பெரிய ஷீத் தேவைப்படுகிறது. அவ்வளவு பெரிய துளையைக் கையால் அழுத்தி மூட முடியாது என்பதால், அங்கே வேலை தொடங்கும் முன்பே தையலைப் போட்டு வைத்துவிட்டு முடிவில் இறுக்குகிறார்கள். அங்கே கருவி ஆடம்பரம் அல்ல, அவசியம். 6 பிரெஞ்ச் துளைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இதில் பெரிய சான்று 2014-இல் வெளிவந்த ஐசார் குளோஷர் என்ற ஜெர்மானிய ஆய்வு. தொடை வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்த 4524 பேரை, இரண்டு வகைக் கருவிகளுக்கும் கை அழுத்தத்துக்கும் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கருவி வைத்தவர்களில் 6.9 சதவீதத்தினருக்கும், கையால் அழுத்தியவர்களில் 7.9 சதவீதத்தினருக்கும் இரத்தக்குழாய்ச் சிக்கல் வந்தது. கருவி கையை விட மோசமில்லை என்றுதான் அதிலிருந்து சொல்ல முடியும். இரத்தம் நிற்க ஆன நேரம் மட்டும் கருவியில் 1 நிமிடம், கையில் 10 நிமிடம். அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் வெறும் ஆஞ்சியோகிராம் எடுத்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் அல்லர் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். ஆகையால் உங்கள் அப்பாவின் நிலைக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. கருவிக்கென்றே உரிய தொல்லைகளும் உண்டு: அரிதாகத் தமனியையே அடைத்துவிடும், கிருமி தொற்றினால் அறுவை சிகிச்சை வரை போகும். சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனியிலும் மிகச் சிறிய தமனியிலும் வைக்கத் தயங்குவார்கள். கருவி கைவிட்டுவிட்டால் அந்த மருத்துவமனையிலும் கடைசியில் ஒருவர் வந்து இருபது நிமிடம் கையால்தான் அழுத்துவார். முதுகெலும்பு வலியால் நிமிர்ந்து படுக்கவே முடியாதவர், மூச்சுத் திணறலால் தலையைத் தாழ்த்த முடியாதவர் போன்றோருக்குப் பணம் செலவழித்தாவது கருவி வைப்பது தகும் என்பேன். மற்றவர்களுக்கு அது வசதி.

உண்மையில் இரத்தக்கசிவைக் குறைத்த பெரிய மாற்றம் தொடையை விட்டு மணிக்கட்டுக்குப் போனதுதான். 1989-இல் மாண்ட்ரியலில் காம்போ மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்ததை வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் கீமனை அதே வழியில் அடைப்பை நீக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். மணிக்கட்டுத் தமனி தோலுக்கு மிக அருகில், எலும்பின் மீதே ஓடுகிறது. ஒற்றை விரலால் அழுத்தலாம், கசிந்தால் கண்ணுக்கு உடனே தெரியும், கைக்கு இரத்தம் கொண்டுவர இன்னொரு தமனியும் இருக்கிறது. 7021 பேரைச் சேர்த்த ரைவல் ஆய்வில், 2011-இல், பெரிய இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் தொடை வழியில் 3.7 சதவீதம், கை வழியில் 1.4 சதவீதம். கை வழியால் உயிரிழப்பும் குறைகிறது என்று 2015-இல் வந்த மேட்ரிக்ஸ் ஆய்வு காட்டியது. மாரடைப்போடு வந்தவர்களிடம் செய்த வேறு ஆய்வு ஒன்று அந்த வேறுபாட்டைக் காணவில்லை. கசிவு குறைவது உறுதி, உயிர் காப்பது எவ்வளவு என்பதுதான் பேச்சுக்கு உரியது.

அந்தக் காற்றுப் பட்டையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுமார் 15 மில்லி காற்றை ஏற்றிக் கட்டிவிட்டு, கசிவு தொடங்கும் வரை மெல்ல இறக்கி, மறுபடி ஒன்றிரண்டு மில்லி ஏற்றி நிறுத்துவோம். இரத்தம் வெளியே வரக் கூடாது, ஆனால் தமனிக்குள் ஓட்டமும் நின்றுவிடக் கூடாது. 2008-இல் 436 பேரிடம் செய்த புரொபெட் ஆய்வில், இப்படி ஓட்டத்தை விட்டுவைத்துக் கட்டியவர்களில் ஒரு மாதம் கழித்துத் தமனி அடைத்திருந்தவர்கள் 1.8 சதவீதம், இறுக்கிக் கட்டியவர்களில் 7 சதவீதம். அடைத்துவிட்டாலும் கைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அடுத்த முறை அந்த வழி கிடைக்காது. உங்கள் அப்பாவுக்கு இரண்டாம் முறை தொடைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தமனி சுருங்கிக்கொண்டது, வளைந்து நெளிந்து போகிறது, பெரிய குழாய் தேவைப்பட்டது என்று வேறு காரணங்களும் இருக்கலாம். டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதியிருப்பார்கள், அல்லது கேட்டால் சொல்வார்கள். கேட்பதில் தவறில்லை.

நம் கடற்கரைக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இதில் இருக்கிறது. துளையின் மேல் வைத்து அழுத்துவதற்கென்று வரும் சில திண்டுகள் கைட்டோசானால் ஆனவை. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள் அது. அது நேர் மின்னூட்டம் கொண்டது, சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. ஆகவே ஹெபாரின் இருந்தாலும் அணுக்களை இழுத்து ஒட்ட வைத்துவிடுகிறது. இன்னொரு வகை, கால்சியம் ஆல்ஜினேட். நம் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூழ்கி எடுக்கும் கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டிலிருந்து செய்வது. இவை நிறுத்தும் நேரத்தைச் சில நிமிடங்கள் குறைக்கின்றன. விரலின் அழுத்தத்துக்கு மாற்றாக இருப்பதில்லை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கைட்டோசான் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒவ்வாமை பெரும்பாலும் சதையிலுள்ள புரதத்தால் வருவது, சுத்திகரித்த கைட்டோசானால் அல்ல. என்றாலும் அந்த ஒவ்வாமையை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது அந்தக் கட்டி. தொடையில் நீலம் பாய்ந்து, அது நாளாக நாளாகப் பச்சையாகி, மஞ்சளாகி, முழங்கால் பக்கம் இறங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறைவது இயல்பு. இறங்கி வருவதைப் பார்த்துப் பரவுகிறது என்று பலர் பயப்படுவார்கள். புவியீர்ப்பால் இரத்தம் கீழே வருகிறது, அவ்வளவுதான். துளை இருந்த இடத்தில் பட்டாணி அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்படுவதும் சில வாரம் இருக்கும். ஆனால் அந்தக் கட்டி எலுமிச்சை அளவுக்கு இருந்தாலும், நேற்றை விட இன்று பெரிதாகத் தெரிந்தாலும், தொட்டால் நாடியைப் போலத் துடித்தாலும், விரலடியில் அதிர்வு தெரிந்தாலும், புதிதாக வலி தொடங்கினாலும் தாமதிக்காமல் காட்டிவிட வேண்டும். தமனிக்கு வெளியே இரத்தம் பையாகத் தேங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே போய் வந்துகொண்டிருக்கும் போலி வீக்கமாக அது இருக்கலாம். இதற்கு மதுரைக்கு ஓட வேண்டும் என்பதில்லை. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வசதியுள்ள எந்த இடத்திலும், இராமநாதபுரத்திலேயே, தொடைத் தமனியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறைவானவை பல தாமாகவே மூடிக்கொள்ளும் என்பதால் கண்காணிப்பார்கள். பெரிதாக இருந்தால் ஸ்கேனில் பார்த்தபடியே அந்தப் பைக்குள் திராம்பின் மருந்தை ஊசியால் செலுத்தி உறைய வைப்பார்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும், சிலருக்குத்தான் அறுவை தேவைப்படும். எண்ணெய் தடவி நீவுவதும், ஒத்தடம் கொடுத்துக் கரைக்கப் பார்ப்பதும் ஸ்கேன் முடிவு தெரியும் வரை வேண்டவே வேண்டாம்.

வீட்டிலோ வழியிலோ இரத்தம் வந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். மதுரையிலிருந்து இராமேசுவரம் பக்கம் வர சுமார் 170 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார்ந்து வருகிறார்கள். மானாமதுரையிலோ பரமக்குடியிலோ ஈரமாக ஏதோ தெரிகிறது என்றால், வண்டியை நிறுத்தி, அவரைத் தட்டையாகப் படுக்க வைத்து, துளைக்கு இரண்டு விரல் மேலே உள்ளங்கையால் பலமாக அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். பஞ்சின் மேல் பஞ்சாக வைத்துக்கொண்டு போவதில் பயனில்லை. மணிக்கட்டு என்றால் கையை உயர்த்திக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். முன்கை முழுதும் கல் போல இறுகி, விரல்கள் மரத்தால் அது அவசரம். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் துளையில் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீலத்தைப் பார்த்துப் பயந்து ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தொடையில் வரும் கசிவை ஒரு கையால் நிறுத்தலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் வீட்டில் வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கடலுக்குப் போவதைப் பற்றி. தொடைத் துளைக்கு மட்டும் என்றால், ஒரு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்காமல், குத்துக்காலிட்டு உட்காராமல், உப்புத் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் போதும் என்பது பொதுவான அளவு. ஆனால் நாட்டுப்படகைத் தள்ளி இறக்குவதும், கால் ஊன்றி வலையை இழுப்பதும் அந்த இடத்திலேயே பாரத்தை இறக்கும் வேலைகள். கரையிலிருந்து தள்ளி இருக்கும்போது கட்டி துடிக்கத் தொடங்கினால் திரும்பி வர நேரமாகும். ஆகவே ஸ்கேன் சரியாக வந்து, நீலம் மறைந்து, மறுபரிசோதனையில் இதயத்தைப் பார்த்த மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு அனுப்புங்கள் என்பதுதான் என் யோசனை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்தக் கணக்கு தொடையைப் பொறுத்ததல்ல, இதயத்தைப் பொறுத்தது. முதல் சில நாள் தனியாகப் போகாமல் கூட ஓர் ஆளோடு போகட்டும். இந்த மாத்திரைகள் ஓடும் வரை நண்டுக் கொடுக்கோ கெளுத்தி முள்ளோ குத்தினால் முன்னை விட அதிக நேரம் இரத்தம் வரும். படகில் சுத்தமான துணி ஒன்றைப் பையில் கட்டி வைத்து, குத்தின இடத்தில் வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து அழுத்தச் சொல்லுங்கள்.